மரப்பொந்தில் வைத்த உரை

ஓர் இலக்கியப் பனுவலை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோய் விளையாடுபவர்களை நம் துறைகள் 'ரசிகர்கள்' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகின்றன. அச்சொல் பாராட்டுப்போல ஒலித்தாலும் பெரும்பாலும் கதவை அடைக்கும் தாழாகவே பயன்படுகிறது. அத்தகைய ரசிகர்களின் வேலை ஒன்றை முன்வைத்து இதை மறுக்க விரும்புகிறேன். அமெரிக்கக் காட்டுப்பாதைகளில் சிலர் நகைச்சுவை ஓபராவைக் கருப்பொருளாக்கி அமைக்கும் 'லெட்டர்பாக்ஸிங்' நடைதான் அது.

லெட்டர்பாக்ஸிங் அறியாதவர்களுக்குச் சில வரிகள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. 1854-இல் சாக்ஃபர்ட் ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், அங்கே எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயரட்டையை அதில் இட்டுச் சென்றனர். புட்டி காலப்போக்கில் பெட்டியாயிற்று. பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு பதிவேடும் இடம்பிடித்தன. தேடி வருபவர் பெட்டியின் முத்திரையைத் தம் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வார். தம் சொந்த முத்திரையைப் பெட்டியின் பதிவேட்டில் பதிப்பார். பிறகு இருந்த இடத்திலேயே பெட்டியை மறைத்து வைத்துவிட்டுப் போவார். எடுத்துச் செல்ல எதுவும் இல்லை. 1998-இல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பின் அமெரிக்காவிலும் இது பரவியது. ஒரே பாதையில் பல பெட்டிகளை ஒளித்து, அவற்றை ஒரு கருப்பொருளால் கோப்பதும், முத்திரைகளைக் கையாலேயே செதுக்குவதும் அங்கே வழக்கம்.

இனி ஓபரா. கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த பதினான்கு படைப்புகளில் நகைப்பின் பெரும்பகுதி சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வதில் பிறக்கிறது. கில்பர்ட் சிலகாலம் வழக்கறிஞராக இருந்தவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 'பென்சான்ஸ் கொள்ளையர்' ஓபராவில் ஃபிரெடரிக் என்ற சிறுவனைக் கப்பல் வழிகாட்டியான 'பைலட்'டிடம் தொழில் பழகச் சேர்க்கச் சொல்கிறார்கள். காது மந்தமான செவிலி அதைப் 'பைரட்' என்று கேட்டு, கடற்கொள்ளையரிடம் சேர்த்துவிடுகிறாள். இருபத்தொரு வயது நிறைந்ததும் அவன் விடுதலை கேட்கிறான். ஒப்பந்தமோ இருபத்தொன்றாம் 'பிறந்தநாள்' வரை என்கிறது. அவன் பிறந்ததோ பிப்ரவரி 29. ஆக, அவனுக்கு இதுவரை வந்த பிறந்தநாள்கள் ஐந்தே. (1900 லீப் ஆண்டு அன்று என்பதைக் கில்பர்ட் கணக்கில் கொண்டாரா என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. அவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமைதான் வருகிறது.)

இந்தக் கதையைக் காட்டுப்பாதைக் குறிப்பாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ஃபிரெடரிக்கின் விடுதலைக்கு மீதமுள்ள பிறந்தநாள்கள் எத்தனையோ, பாறையிலிருந்து கிழக்கே அத்தனை அடி வை' என்று நான் எழுதுவேன். பொது அறிவை நம்புகிறவர், அவனுக்குத்தான் வயது நிறைந்துவிட்டதே என்று பாறையடியிலேயே தோண்டிப் பார்த்து ஏமாறுவார். ஒப்பந்தத்தை எழுத்தெழுத்தாகப் படித்தவர் பதினாறு அடி நடந்து பெட்டியை எடுப்பார். ஃபிரெடரிக்கைச் சிறைப்பிடித்த அதே வாசிப்பு முறை நடப்பவரின் கால்களையும் ஆள்கிறது. பனுவலின் இயக்கம் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டுவதுதானே உரையாசிரியரின் பணி? இதைச் செய்யாத ஆய்வுக் கட்டுரைகளை நாம் ஆண்டுதோறும் ஏற்றுக்கொண்டுதான் வருகிறோம்.

'இதில் கோட்பாடு எங்கே?' என்று ஒரு கருத்தரங்கில் என்னிடம் கேட்டார்கள். உரிமை பற்றிய கேள்வி ஒன்று இதில் உண்டு என்பதே என் விடை. 'பினாஃபோர்' ஓபரா 1878-இல் வெற்றி பெற்றபோது, அமெரிக்காவில் பன்னாட்டுப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால் பல குழுக்கள் அதை அனுமதியின்றி மேடையேற்றின. அதனால் அடுத்த படைப்பை நியூயார்க்கிலேயே அரங்கேற்ற முடிவாயிற்று. பிரிட்டிஷ் உரிமையைக் காப்பதற்காக அதற்கு முந்தைய நாள், 1879 டிசம்பர் 30 அன்று, டெவனின் பெய்ன்டன் நகரில் ஒரு காட்சி நடந்தது. பினாஃபோர் உடைகளுடனேயே, தலையில் கைக்குட்டை கட்டிக் கொள்ளையராகி, எழுத்துப்படியைக் கையில் வைத்துக்கொண்டு நடித்தார்கள். அப்படைப்புதான் 'பென்சான்ஸ் கொள்ளையர்'! லெட்டர்பாக்ஸிங் பிறந்த அதே மாவட்டத்தில் இது நிகழ்ந்தது தற்செயல்தான். ஆயினும், கொள்ளையரைப் பற்றிய ஓபராவைக் கொள்ளைபோகாமல் காக்க அலைந்தவர்களையும், யாரும் எடுத்துப்போகக்கூடிய பெட்டியைக் காட்டில் விட்டுவிட்டு வருபவர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பிரிட்டனில் இவ்வோபராக்களைத் தொழில்முறையில் நடத்தும் உரிமை 1961-இல் கில்பர்ட்டின் பதிப்புரிமை முடியும் வரை டாய்லி கார்ட் நிறுவனத்திடமே இருந்தது. நெடுங்காலம் கோலோச்சிய அந்நிறுவனம் 1982-இல் மூடப்பட்டது. ஓபராக்கள் மூடப்படவில்லை. பள்ளிகளும் ஊர்க்குழுக்களும் பாடிக்கொண்டே இருந்தன.

விளையாட்டு என்பதால் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. 1885-இல் வந்த 'மிகாடோ' ஆங்கில அதிகாரவர்க்கத்தைக் கிண்டல் செய்யும் படைப்பு. ஆனால் அதற்கு ஜப்பானைக் கேலிப்போர்வையாக்கிக்கொண்டது. ஆசியர் அல்லாதோர் ஆசிய வேடமிடுவது குறித்த கண்டனத்தால் 2015-இல் நியூயார்க்கில் ஒரு குழு தன் மிகாடோ நிகழ்ச்சியைக் கைவிட்டது. முத்திரை செதுக்குபவர் முன்னும் அந்தக் கேள்வி நிற்கிறது. இரண்டு அங்குல ரப்பரில் சாய்ந்த கண்களும் விசிறியும் செதுக்கலாம். அல்லது நிறைவேறாத மரணதண்டனைக்கு எழுதப்பட்ட பொய்ச் சான்றிதழைச் செதுக்கலாம். இரண்டாவதைத் தேர்பவர் அந்த ஓபராவை நன்கு வாசித்தவர் என்பேன். முதலாவதைத் தேர்பவரைக் கண்டிக்கவும் தயங்கமாட்டேன். கண்டிக்கத்தக்க அளவுக்கு அதுவும் ஒரு வாசிப்பே.

என் கவலை வேறொன்று. டாய்லி கார்ட் நிறுவனத்தின் ஆவணங்கள் லண்டனில் பாதுகாப்பாக உள்ளன. காட்டுப் பெட்டியின் பதிவேடோ ஒரு மழைக்காலத்தில் மூடி சரியாக அழுந்தாவிட்டால் கூழாகிவிடும். நிறைந்த பதிவேட்டைப் பெட்டி வைத்தவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்; அவருக்குப் பின் அது எங்கே போகும்? குறிப்புகள் இடப்பட்ட இணையப் பக்கங்களும் ஒவ்வொன்றாக அணைகின்றன. யார் எந்த நாளில் வந்தார், எந்த முத்திரையைப் பதித்தார், புதிரைப் பற்றி என்ன கிறுக்கினார் என்பதெல்லாம் வாசகர் வரலாற்றுக்கு நேரடிச் சான்றுகள். வாசிப்பு வரலாறு, நிகழ்த்துகலை ஆகியவற்றில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அவர்களில் ஒருவராவது பெட்டி வைத்தவர்களுக்குக் கடிதம் எழுதி, பழைய பதிவேடுகள் இருக்கின்றனவா என்று விசாரிக்கட்டும். கோட்பாட்டு இயலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பதிவேடுகள் அதுவரை காத்திருக்கமாட்டா.