ஒரு கிருமியால் ஏரிக்கே பழியா?

பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் ஆண்கள் முறை வைத்துப் பாடு இறங்கி இறால் பிடிக்கிறார்கள். பெண்கள் கூடை சுமந்து விற்கிறார்கள். “இறாலில் கிருமி இருக்கிறதாம்” என்று யாரேனும் சொல்லிவிட்டால் போதும், அன்று கூடை கனம் குறையாமலே வீடு திரும்பும். இப்பேச்சு நியாயம்தானா என்று சற்றே சிந்திப்போம்.

உவர்நீரில் விப்ரியோ இனப் பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ். 1950ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகாவில் சிறு மீன் உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோது டாக்டர் புஜினோ இதைக் கண்டறிந்தார். இதன் நெருங்கிய உறவு விப்ரியோ அல்ஜினோலிட்டிக்கஸ். நுண்ணோக்கியில் இரண்டும் உடன்பிறந்தவர்போல் தோன்றும். வெளுத்ததெல்லாம் பால் அல்லவே! இனங்களைப் பிரித்தறிய உதவும் ரைபோசோம் மரபணுவில் ஏறக்குறைய 1500 எழுத்துகள் உண்டு. இவ்விரண்டிலும் அதுவும் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆகவே விஞ்ஞானிகள் ‘டாக்ஸ்-ஆர்’ போன்ற வேறு மரபணுக்களை அடையாளமாகக் கொள்கிறார்கள். கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட பி.சி.ஆர். சோதனை அந்த அடையாளத்தைக் காட்டிவிடும்.

ஆனால் இனத்தின் பெயர் மட்டும் போதாது. மனிதரை நோயில் வீழ்த்தும் பாராஹீமோலிட்டிக்கஸ் கிருமிகளில் பெரும்பாலும் டி.டி.எச். அல்லது டி.ஆர்.எச். என்னும் நச்சு மரபணு இருக்கும். கடலிலும் கழிமுகத்திலும் வாழ்பவற்றில் மிகப் பலவற்றுக்கு அது இல்லை. அப்படியிருக்க, பெயரைக் கேட்டவுடன் ஏரி முழுவதையும் பழிப்பது முறையாகுமா?

பெயரை நம்பி அலட்சியமாக இருப்பதும் தவறே. ஓ-1 வகைக் காலராக் கிருமியே கொள்ளைநோய் உண்டாக்கும் என்று உலகம் நம்பியிருந்தது. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சென்னையிலேயே ஓ-139 என்னும் புதிய வகை தோன்றியது; பின்னர் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பரவியது. பழைய சோதனைக்கு அது பிடிபடவில்லை. காலரா நச்சின் மரபணுவோ அதனுள் இருந்தது!

“இதற்கெல்லாம் பணம் ஏது?” என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு கூடையையும் சோதிக்க வேண்டியதில்லை. பருவத்துக்கு ஒருமுறை ஏரி நீரையும் இறாலையும் சோதித்தால் நல்லதொரு தொடக்கமாகும். உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987 முதல் சென்னையிலேயே இருக்கிறது. சோதனையின் முடிவை, எந்த மரபணு இருந்தது, எது இல்லை என்று தெளிவான தமிழில் குப்பங்களில் அறிவிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நம் கடமையும் உண்டு. பிடித்த இறாலை உடனே ஐஸில் வைப்போம். நன்றாக வேகவைத்து உண்போம். பச்சை மீன் நறுக்கிய கத்தியைக் கழுவாமல் வேறொன்றுக்கு எடுக்கமாட்டோம். சகோதரிகளே, விஞ்ஞானப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். குற்றவாளியைச் சரியாகக் கண்டுபிடித்தால், கூடை சுமக்கும் நம் அன்னையர்மேல் வீண்பழி விழாது.

– பத்தாம் வகுப்பு மாணவி