கதையைப் பாடமாக்க விடாதீங்க



தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் எனக்கு இன்பொக்ஸில் ஒரே வேண்டுகோள்தான். "சேர், மகளுக்கு ஒரு சிறுகதை எழுதித் தாங்க, பாடமாக்கிட்டுப் போவா." கோபிக்க வேண்டாம், இனி எழுதித் தரமாட்டேன். முன்பு தந்திருக்கிறேன். அது என் பிழை.

பாடமாக்கிய கதைகளில் எப்போதும் மழை கொட்டும், ஏழைத் தாய் இருமுவாள், கடைசியில் மகன் டொக்டராகி வருவான். எழுதுகிற பிள்ளையோ சொறிக்கல்முனையில் வயல் நடுவே வளர்ந்தது!

போன பெரும்போக அறுவடையில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரைப் பெற்றோரின் சம்மதத்தோடு வட்டைக்குக் கூட்டிப்போனேன். கொப்பி, பேனை வேண்டாம், போனும் வேண்டாம் என்றேன். வெட்டு மெசின் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருந்தது. வாடியில் இருந்த பெரியவர் ஒருவர், மாடு கட்டிச் சூடடித்த காலத்தைச் சொன்னார். களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்களாம், "பொலி" என்றுதான் சொல்வார்களாம். பிள்ளைகளுக்கு அது புதுச்சொல். ஒரு பொடியன் கேட்டான்: "அப்ப அந்த மாடெல்லாம் எங்க தாத்தா?" அவர் பதில் சொல்லவில்லை. மெசினைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்து மரத்தடியில் இருந்தோம். மற்றவர் கவனிக்காத ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் வந்த கதைகளில் மூன்று அந்தப் பெரியவரின் மௌனத்தைப் பற்றியவை. மூன்றும் மூன்று விதம். ஒன்றிலும் டொக்டர் இல்லை.

டேவிட் கோல்ப் 1984இல் எழுதிய அனுபவவழிக் கற்றலும் இதுதான். அனுபவம், பிறகு அதை மீட்டுப் பார்த்தல், அதிலிருந்து ஒரு விளக்கம், பிறகு செய்து பார்த்தல். நாமோ "சிறுகதையின் பண்புகள்" என்று கரும்பலகையில் எழுதி வாலிலிருந்து தொடங்குகிறோம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அனுபவத்தை எழுது என்றால் காயத்தைக் கிளறு என்று அர்த்தமில்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு பாடசாலையில் "வீட்டில் நடந்த மறக்க முடியாத சம்பவம்" என்று தலைப்புக் கொடுத்தேன். உம்மா வெளிநாட்டில் வேலை செய்த ஒரு பிள்ளை உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். நன்றாக இருக்கிறதே என்று கேட்காமல் வகுப்பில் வாசித்துவிட்டேன். இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதிலிருந்து, எல்லோரும் சேர்ந்து பார்த்ததையே எழுதச் சொல்கிறேன். சொந்தக் கதையை யாராவது எழுதினால், அந்தப் பிள்ளை சொல்லாமல் அது என் மேசையைத் தாண்டாது.

"ஓ.எல். வருது, இதெல்லாம் தேவையா?" என்கிறார்கள். தமிழ்ப் பாடத்திலும் கட்டுரை எழுதத்தானே வேண்டும்? வட்டையைப் பார்த்து பத்து வரி சொந்தமாக எழுதிய பிள்ளை அங்கே தடுமாறாது. மருதமுனையில் மருதூர்க்கொத்தன் ஆசிரியராக இருந்துகொண்டே கதை எழுதினார். சாய்ந்தமருதில் தீரன் ஆர்.எம். நௌஷாத், கல்முனைப் பக்கம் உமா வரதராஜன். கதைக்கு நம் மண்ணில் என்ன பஞ்சம்?

அடுத்த அறுவடைக்கு, ஒரு காலைப்பொழுது பிள்ளைகளைத் தன் வயலுக்குள் விடக்கூடிய விவசாயி யாராவது இருந்தால் சொல்லுங்கள். தேத்தண்ணிச் செலவு என்னுடையது. வரம்பை மிதித்து உடைக்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.