விற்ற வீடும் விளைந்த விளையாட்டும்

புனே என்றதும் கல்லூரிகளும் வாகனத் தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் நம் நினைவுக்கு வரும். அந்நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட கணினி விளையாட்டு 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. 'தி கேம் அவார்ட்ஸ்' என்னும் உலக விருதில், அவ்வாண்டின் சிறந்த அறிமுகப் படைப்புக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. அதன் நிறைகுறைகளை எடைபோடுவது, தொழில் தொடங்க எண்ணும் நம் வாடிக்கையாளர்களுக்கும் பயன்தரும் என்று கருதுகிறோம்.

முதலில் நிறைகள். அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிப் புறப்படும் அக்காள் ராஜியின் கதை இது. துர்க்கையும் திருமாலும் உரையாடியபடியே கதையை நடத்திச் செல்கின்றனர். இராஜஸ்தானக் கோட்டைகளை நினைவூட்டும் மாடங்களும், பஹாரி ஓவியங்களின் வண்ணங்களும், நிழற்பாவைக் கூத்தைப் போன்ற இடைக்காட்சிகளும் கண்ணுக்கு விருந்து. வெளிநாட்டு விளையாட்டுகளில் நம் நாடு பெரும்பாலும் வெறும் பின்புலமாகவே நிற்கும். இங்கோ அதுவே கதையின் உயிர்.

சதுரங்கம்போல் முறைவைத்துக் காய் நகர்த்தும் போர்த்தந்திர விளையாட்டு அன்று இது. கணப்பொழுதில் கை இயங்க வேண்டிய வகை. எனினும் தந்திரத்துக்கு இடமுண்டு. வழியில் சேரும் ஒளிக்கோளங்களைச் சூலத்துக்கோ வில்லுக்கோ எந்த ஆற்றலாகச் செலவிடுவது என்பதை நாமே முடிவு செய்கிறோம். பிழையாகப் பங்கிட்டால் திரும்பப் பெற்று மாற்றியும் வைக்கலாம்.

குறைகளும் வெளிப்படையானவை. ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. முடிவோ, கதை பாதியில் அறுந்தாற்போல் நிற்கிறது. சண்டையில் அடியும் தடுப்பும் சில வேளைகளில் கைக்கு வசப்படுவதில்லை. நாம் திருப்ப இயலாத காட்சிக்கோணம் எதிரியை மறைத்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்குவோர் இவற்றைச் சுட்டிக்காட்டுவது நியாயமே. நம் நாட்டுப் படைப்பு என்பதற்காகக் குறைகளை மூடி மறைப்பது படைத்தவர்களுக்கு நன்மை செய்வதாகாது.

ஆயினும் இக்குறைகளின் தன்மையை உற்றுநோக்க வேண்டும். சண்டையைச் செம்மையாக்குவது, பன்முறை சோதித்துத் திருத்தும் வேலை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆட்களும் நாட்களும் வேண்டும். அதாவது, பணம் வேண்டும். இக்குழுவிடம் இல்லாதிருந்தது அதுவே. 2017இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியே மக்களிடம் நிதி திரட்ட முயன்றார்கள், இலக்கு எட்டப்படவில்லை. இலக்கை எட்டாத முயற்சிக்கு அத்தளத்தில் ஒரு காசும் கிடைப்பதில்லை. நிறுவனர்களுள் ஒருவர் தம் வீட்டையே விற்றுப் பணியைத் தொடரச் செய்தார். அதன் பின்னரே வெளியீட்டு நிறுவனம் ஒன்று கைகொடுத்தது.

அத்துணிவைப் போற்றுகிறோம், ஆனால் பிறர்க்கு வழியாகப் பரிந்துரைக்க மாட்டோம். விளையாட்டு தோற்றிருந்தால் அக்குடும்பத்தின் நிலை என்ன? வீட்டுக்கு மதிப்பிடத் தெரிந்த நம் நிதி அமைப்பு, எழுதி முடிக்காத நிரலுக்கும் வரைந்து முடிக்காத ஓவியத்துக்கும் மதிப்பிட இன்னும் கற்க வேண்டும். பணியின் ஒவ்வொரு கட்டமும் நிறைவேறியபின் அடுத்த தவணையை விடுவிக்கும் முறை இத்தொழிலுக்குப் பொருந்தும் என்பது எம் கருத்து.

தொழில் முனைவோர் இன்றே செய்யத்தக்கவையும் உள. 2000ஆம் ஆண்டு முதல் குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி, சொத்துப் பிணையின்றி வழங்கப்படும் கடன்களுக்குப் பொறுப்பேற்று வருகிறது. முத்ரா திட்டத்தின் உச்சவரம்பு 2024இல் 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியையும் நிபந்தனைகளையும் கிளையில் கேட்டறியுங்கள். பணி முடியும்வரை ஆகும் மாதச் சம்பளக் கணக்கை எழுதி, எதிர்பாராத தாமதத்துக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்கோளங்களைப் பிழையாகப் பங்கிட்டால் விளையாட்டில் திரும்பப் பெறலாம். விற்ற வீட்டை அவ்வாறு பெற இயலாது.