கேக் மாவை யார் அடிக்கணும்?



இந்த மாதச் சுவர் இதழுக்கு "நான் விரும்பும் பண்டிகை" என்று எழுதச் சொன்னார்கள். எனக்குக் கிறிஸ்துமஸ்தான். ஸ்டார், குடில், ராத்திரிப் பூசை எல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் அதையெல்லாம் விட்டுட்டு எங்க வீட்டு அடுப்படியைப் பற்றி எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை.

எங்க வீட்டில் ஓவன் கிடையாது. ஆச்சி கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே மணல் சட்டியில்தான் கேக் வேகுது. அதற்கென்றே ஆற்று மணலைக் கழுவி, காயப்போட்டு, சலித்து ஒரு தகர டின்னில் ஆச்சி வைத்திருக்கிறார்கள். அந்த மணலை வேறு எதுக்கும் தொட விடமாட்டார்கள். இரும்புச் சட்டியில் இரண்டு விரல் கனத்துக்கு மணலைப் பரப்பி, நல்லா சூடானதும் கேக் டின்னை உள்ளே வைத்து மூடி, மூடி மேலே சிரட்டைக் கங்கு போடணும். அடியில் தீ கம்மி, மேலே கங்கு ஜாஸ்தி. இதுதான் ஆச்சியின் கணக்கு. வெந்துதா என்று ஈர்க்குச்சியைக் குத்திப் பார்க்கணும். மாவு ஒட்டாமல் வந்தால் சரி. பாதியில் மட்டும் திறக்கவே கூடாது. நான் ஏழாவது படிக்கும்போது வாசம் தாங்காமல் திறந்துட்டேன். கேக் நடுவில் குழி விழுந்து, கோழி உட்கார்ந்த மாதிரி ஆயிடுச்சு.

வேகவைப்பதுகூடக் கஷ்டமில்லை. மாவு அடிப்பதுதான் கஷ்டம். அரைக்கிலோ வெண்ணெயும் அரைக்கிலோ சீனியும் போட்டு, சீனி கரைகிற வரைக்கும் கையாலேயே ஒரே பக்கமாகச் சுற்றணும். அப்புறம் பத்து முட்டை, ஒவ்வொன்றாக. அப்புறம் அரைக்கிலோ மைதா. இப்படி மூன்று தடவை. கேக் மட்டுமா? அச்சுமுறுக்கு இருக்கு, சீப்பில் உருட்டுகிற கலகலா இருக்கு. 2024 டிசம்பரில், அரையாண்டு கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான் பதினொரு மணி வரைக்கும் கலகலா உருட்டினேன். மார்க் எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். அண்ணன் அப்போது என்ன செய்தான்? ஸ்டார் கட்டினான். ஒரே ஒரு ஸ்டார். மூன்று நாள்!

ஆச்சிக்கு இப்போது கை வலிக்கிறது, அடிக்க முடியாது. அம்மா ஒரு ஆளாக அடித்து, ராத்திரிப் பூசையில் பிரசங்கம் ஆரம்பிக்கும்போதே தூங்கிட்டாங்க. அதைப் பார்த்துட்டு அப்பா, "அடுத்த வருஷம் இந்தப் பாடே வேண்டாம், கடையில வாங்கிருவோம்" என்றார்கள். அப்பா பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கடைக் கேக் மோசம் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாது, அது எங்க கேக்கைவிட மெத்துன்னு இருக்கும். எங்களுடையது சில வருஷம் அடியில் கருகும் (தாத்தா அந்த அடியைத்தான் கேட்டு வாங்குவார்கள்). ஆனால் எங்க அடுப்படி அலமாரியில் மற்றவர்கள் வீட்டுத் தட்டு பதினாலு இருக்கு. தீபாவளிக்கு முறுக்கும் சுசியமும் வந்த தட்டுகள். ரம்ஜானுக்குப் பிரியாணி வந்த தூக்குச்சட்டியும் உண்டு. அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது ஆச்சியின் சட்டம். கடையில் ஒரு கிலோ கேக் வாங்கினால் எங்க வீட்டுக்கே காணாது. பதினாலு தட்டில் எதை வைப்பது? அவ்வளவையும் காசு கொடுத்து வாங்க எங்களால் முடியாது. சுட்டால்தான் முடியும்.

அதனால் என் கருத்து இதுதான். கேக்கை நிறுத்த வேண்டாம். அடிக்கிற ஆளை மாற்றணும்.

"அடுப்படி வேலை ஆம்பளைங்களுக்கு வராது" என்று அண்ணன் சொல்கிறான். நம்ம தூத்துக்குடி மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் அடித்து முந்திரி சேர்க்கிறார்களே, நான் பார்த்த பேக்கரியில் அதைச் செய்தவர்கள் எல்லாரும் ஆண்கள். நம்ம நாட்டில் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883-ல் கேரளாவில் தலசேரியில் சுட்டது என்று சொல்கிறார்கள். சுட்டவர் பெயர் மம்பள்ளி பாபு. அவரும் ஆண்தான். கோயில் அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பதும் ஆம்பளைகள்தான். ஊருக்கே சமைக்க வருது, காசு வாங்கிச் செய்யவும் வருது, வீட்டுக்குள்ளே வந்தால் மட்டும் எப்படி வராமல் போகும்? எங்க அப்பா கொத்தனார். தினமும் கலவைக்குப் பதம் பார்க்கிறவருக்கு மைதா பதம் தெரியாதா?

வேலைக்குப் போய் வந்தால் அவர்களுக்கும் அலுப்பு இருக்கும்தான். அம்மாவும்தான் நூறு நாள் வேலைக்குப் போய்ட்டு வராங்க.

இதையெல்லாம் பொங்கல் லீவில் வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார்கள். ஆனால் தாத்தா பிறந்தநாளுக்கு ஒரு சின்ன கேக் போட்டபோது சட்டியைத் தானே இழுத்து மடியில் வைத்து அடித்தார்கள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே பக்கமா சுத்துல, சுவருக்குப் பூசுத மாதிரி பூசாத" என்று அதட்டிக்கிட்டே இருந்தாங்க. பாதியில் அப்பாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. மீதியை அண்ணன்தான் அடித்தான். கேக் கருகவே இல்லை.

"நான் அடிச்சேன்னு பள்ளிக்கூடத்துல யார்ட்டயும் சொல்லிராத" என்று அண்ணன் சத்தியம் கேட்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி