17 வயதில் விட்டவர்

19 வயதுக்குள் தேர்வாகவில்லையா? "கிரிக்கெட் போதும், படிப்பைப் பாரு" என்பார்கள். தாம்பரம் தாண்டி காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் ஆர்க்கிடெக்சர் படித்த வருண் சக்கரவர்த்தியும் 17 வயதில் விட்டவர்தான். அப்போது விக்கெட் கீப்பர்! வேலைக்குப் போனபின் டென்னிஸ் பந்தில் மறுபடி ஆரம்பித்தார். 2019 ஐபிஎல்லுக்கு பஞ்சாப் 8.4 கோடி கொடுத்தது (அடிப்படை விலை 20 லட்சம்). ஆடியது ஒரே ஆட்டம்.

அந்தக் கோடிகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. 2021 டி20 உலகக் கோப்பையில் 3 ஆட்டம், விக்கெட் பூஜ்யம். அணியிலிருந்தும் கழற்றிவிட்டார்கள். மனுஷர் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றுவதை விட்டு, மேலிருந்து சுழற்ற முதலிலிருந்து பழகினார். 2024-ல் திரும்பினார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட்... அப்போது வயது 33. இவரை எந்த வயதுப் பிரிவுத் தேர்வில் கண்டுபிடித்திருப்பார்கள்?