சல்யூட் ஒரு ராணுவ ரகசியம்

1943 டிசம்பர் 20. ஜெர்மனியின் ப்ரெமென் நகர விமானத் தொழிற்சாலையைத் தாக்கிவிட்டு ஓர் அமெரிக்க பி-17 பாம்பர் தள்ளாடித் திரும்பிக்கொண்டிருக்கிறது. மூக்குப் பகுதி சிதறிவிட்டது. நான்கு இன்ஜினில் ஒன்று அவுட், இன்னொன்று நொண்டுகிறது. வாலில் பாதியைக் காணோம். உள்ளே இருந்த பத்துப் பேரில் ஒருவர் பிணம், பெரும்பாலோருக்குக் காயம். பைலட் சார்லி பிரவுனுக்கு வயசு 21.

பின்னாலேயே வந்துவிட்டார் ஜெர்மன் போர் விமானி ஃப்ரான்ஸ் ஸ்டிக்லர். சுடவில்லை. ஓட்டை வழியே அடிபட்டவர்களைப் பார்த்தார். பாராசூட்டில் குதிப்பவனைச் சுடாதே என்று கண்டித்த அதிகாரியிடம் வேலை பார்த்தவர். இதுவும் பாராசூட்தான், கொஞ்சம் பெரிசு! கடல்வரை துணைக்குப் பறந்து, சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போனார். பிரவுன் வட கடலைத் தாண்டி, இங்கிலாந்தில் சீதிங் தளத்தில் எப்படியோ இறக்கிவிட்டார்.

இதுவரை படித்துவிட்டு உச்சுக்கொட்டினீர்கள் அல்லவா? என் கோபம் இதற்கப்புறம்தான்.

தரையிறங்கிய பிரவுன் நடந்ததைச் சொன்னார். வெளியே மூச்சு விடாதே என்றார்கள் மேலதிகாரிகள். எதிரியிலும் நல்லவன் உண்டு என்று தெரிந்தால் மற்ற பைலட்டுகள் விரல் தயங்குமாம். அந்தப் பக்கம் ஸ்டிக்லரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் ராணுவ கோர்ட், மரண தண்டனை. ஒருவரையொருவர் அழிக்கக் கிளம்பிய இரண்டு ராணுவங்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டாளி!

'விட்டால் அதே விமானம் நாளைக்கு மறுபடி குண்டு போட வருமே சார்?' என்பீர்கள். நியாயமான கேள்விதான். ப்ரெமெனில் குண்டு விழுந்த இடத்தில் நின்றால் நானும் அதையேதான் கேட்பேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அது போர் விமானமே இல்லை. திருப்பிச் சுட முடியாத ஆஸ்பத்திரி வார்டு. அதைச் சுட்டால் போர்க் கணக்கில் வரவு வைக்கலாம். பி.காம். படித்த எனக்கு அதற்கு வேறு பெயர் தெரியும்: பொய்க்கணக்கு.

பிரவுன் விடவில்லை. வயசான காலத்தில் அந்த விமானியைத் தேட ஆரம்பித்தார். 1990-ல் கனடாவிலிருந்து பதில் வந்தது: ஸ்டிக்லர்! சந்தித்தார்கள், நண்பர்களானார்கள், சேர்ந்து மீன் பிடிக்கப் போனார்கள்.

அமெரிக்க விமானப்படை பிரவுனுக்கு ஏர் ஃபோர்ஸ் கிராஸ் பதக்கம் கொடுத்தது 2008-ல். ஸ்டிக்லர் அந்த வருஷம் மார்ச்சில் இறந்தார். பிரவுன் நவம்பரில்.