வங்கிக் கணக்கில் நம் கடைக்கு என்ன பெயர்?

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு கடையைச் சாத்துவதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை உங்கள் கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கச் சொல்லுங்கள். பணத்தைக் கார்டு மூலம் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து அவருடைய வங்கிக் கணக்கில் அந்தச் சோப்புக்கான பற்று எந்தப் பெயரில் ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயர்ப்பலகையில் உள்ள பெயரே இருந்தால் மகிழ்ச்சி. பலருக்கு அந்த மகிழ்ச்சி கிட்டாது என்பதே நம் அனுபவம்.

இது ஒரு சிறு விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். நமக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக் கடை. முப்பது ஆண்டு காலத் தொழில். பக்கத்து ஊரில் ஆசிரியையாக இருக்கும் ஓர் அம்மையார் மகளின் வளைகாப்புக்கு அங்கே புடவை எடுத்தார். பில் 6,480 ரூபாய். கார்டில் கொடுத்துவிட்டுப் போனார். மாதக் கடைசியில் வங்கியிலிருந்து கணக்கு வந்தபோது, அந்தத் தொகைக்கு நேரே அவர் கேள்விப்பட்டே இராத ஒரு 'டிரேடர்ஸ்' பெயர் இருந்தது. அது கடை முதலாளியின் தகப்பனார் காலத்தில் தொடங்கிய நடப்புக் கணக்கின் பெயர். தேதியும் இரண்டு நாள் தள்ளியிருந்தது. அம்மையார் பயந்து போனார். கார்டை முடக்கினார். வங்கியில் புகார் எழுதிக் கொடுத்தார். வங்கி கடைக்கு விளக்கம் கேட்டு எழுதியது. அந்தக் கடிதத்தைக் கடையில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கெடு முடிந்ததும் 6,480 ரூபாய் கடைக் கணக்கிலிருந்து திரும்பிப் போயிற்று.

பணம் பிறகு எப்படியோ தீர்ந்தது. உண்மை தெரிந்ததும் அம்மையாரே வந்து கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அவர் வேலை பார்க்கும் பள்ளியில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது: "அந்தக் கடையில் கார்டு கொடுக்காதீர்கள், ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது." முப்பது ஆண்டு சேர்த்த பெயருக்கு வந்த சேதத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அந்தக் காலத்தில் மளிகைக் கடையில் பற்று நோட்டு இருந்தது. வாடிக்கையாளர் கையில் ஒன்று, நம் கல்லாவில் ஒன்று. "போன வியாழக்கிழமை பன்னிரண்டு ரூபாய் எதற்கு எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், நோட்டைப் புரட்டி, "கால் கிலோ மல்லி, அரைக் கிலோ துவரம்பருப்பு, உங்கள் பையன்தான் வாங்கிப் போனான்" என்று அங்கேயே பதில் சொன்னோம். இன்று வாடிக்கையாளரின் நோட்டை வங்கி எழுதுகிறது. நம் விற்பனையை வேறொருவர், வேறொரு பெயரில், வேறொரு தேதியில் எழுதுகிறார். எழுதுவது யாராக இருந்தாலும் விற்றது நாம். ஆகவே பதில் சொல்ல வேண்டியதும் நாமே.

பெயர் ஏன் மாறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கார்டு மெஷின் வாங்கும்போது நாம் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் உள்ள பெயரே வங்கியின் பதிவில் ஏறுகிறது. பலர் அங்கே கடைப் பெயரை எழுதாமல், நடப்புக் கணக்கின் பெயரையோ உரிமையாளரின் பெயரையோ எழுதிவிடுகிறோம். பெயர்ப்பலகையில் சில்க்ஸ், வங்கியில் அன் சன்ஸ். இது முதல் காரணம்.

இரண்டாவது, இடப் பற்றாக்குறை. கார்டு பரிவர்த்தனைச் செய்தியில் கடையின் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்து 40 ஆங்கில எழுத்துக்கே இடம் உண்டு. பெயருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 25 எழுத்து. நாமோ 'ஸ்ரீ', 'அருள்மிகு', குலதெய்வத்தின் பெயர் எல்லாம் முன்னால் வைத்து, கடையை அடையாளம் காட்டும் சொல்லைக் கடைசியில் வைக்கிறோம். வங்கி கடைசியைத்தான் வெட்டுகிறது. மிஞ்சுவது சாமி பெயர் மட்டும். ஒரே கடைத்தெருவில் அந்தச் சாமி பெயரில் ஐந்து கடை இருந்தால் வாடிக்கையாளர் எதை என்று நினைப்பார்?

மூன்றாவது, ஊர். கிளைக் கடையில் விற்றாலும், பதிவு தலைமைக் கடையின் ஊரில் இருந்தால் அந்த ஊரே வரும். திருச்சியில் வாங்கியவருக்குக் கணக்கில் சென்னை என்று வந்தால் திகைப்பு இயற்கைதானே.

நான்காவது, தேதி. இரவில் மெஷினில் அன்றைய கணக்கை முடிக்காமல் விட்டாலும், நடுவில் விடுமுறை வந்தாலும், சனிக்கிழமை விற்பனை திங்கட்கிழமை பற்றாகக் காட்டப்படக்கூடும்.

ஐந்தாவது, இணையத்தில் ஆர்டர் எடுப்பவர்களுக்கு உரியது. நம் சார்பில் பணம் வாங்கித் தரும் இடைநிறுவனத்தின் பெயர் முன்னால் நின்று, நம் பெயர் பின்னால் பாதியாகத் தொங்கும். சில சமயம் அதுவும் இராது.

இனி யு.பி.ஐ. 2016-இல் தொடங்கிய இந்த முறை இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் கடை மேசையில் மகன் பெயரிலோ மனைவி பெயரிலோ உள்ள சொந்தக் கணக்கின் கியூ.ஆர். அட்டையை வைத்திருக்கிறோம்? வாடிக்கையாளர் தன் செல்போனில் அட்டையைக் காட்டியதும், "பெயர் வேறே வருதே அண்ணாச்சி?" என்று கேட்பதும், "அது என் சம்சாரம்தான், போடுங்க" என்று நாம் சொல்வதும் தினமும் நடக்கிறது. தேசியப் பணம்செலுத்தல் கழகம் 2025-இல் ஓர் உத்தரவு போட்டது. பணம் பெறுபவரின் பெயர் வங்கிப் பதிவில் உள்ளபடியே செயலிகளில் காட்டப்பட வேண்டும், அட்டையில் எழுதிய பெயரைக் காட்டக் கூடாது என்பதும், 2025 ஜூன் 30-க்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதும் அதன் சாரம். மோசடியைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் அட்டையில் மட்டும் கடைப் பெயரை அச்சடித்துச் சமாளித்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது.

"வரி அதிகாரிகள் கண்ணில் படாமல் இருக்கத்தான் சொந்தக் கணக்கில் வாங்குகிறோம்" என்று சிலர் நம்மிடம் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்தே சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பெயரைப் பிரிப்பதால் வரவு மறைவதில்லை. குழப்பம் மட்டும் மிஞ்சுகிறது.

"கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வங்கிக்கு ஓடுகிறார்களே" என்று வாடிக்கையாளர் மீது கோபப்படும் நண்பர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயமல்ல என்றே கருதுகிறோம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பாருங்கள். வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் குற்றமில்லாமல் மூன்றாம் நபரால் பணம் பறிபோயிருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் இல்லை என்றும், நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை அவரே ஏற்க வேண்டும் என்றும் அது வகுத்தது. இப்படிக் கெடு வைத்தால் எந்தக் குடும்பத் தலைவியும் முதலில் வங்கிக்குத்தான் ஓடுவார். இணைய மோசடி என்று எண்ணி 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அந்தத் தொகை நம் கணக்கில் நிறுத்தி வைக்கப்படவும் வாய்ப்புண்டு. நேர்மையாக விற்ற சரக்குக்கு நாம் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுத வேண்டி வரும். அவர் எச்சரிக்கையாக இருப்பது அவருடைய கடமை. அவரைப் பயப்பட வைக்காமல் இருப்பது நம்முடைய கடமை.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத சில காரியங்களை நம் உறுப்பினர்கள் இந்த மாதமே செய்து முடிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, மேலே சொன்ன சோப்புக் கட்டிச் சோதனை. கார்டுக்கு ஒரு முறை, யு.பி.ஐ.க்கு ஒரு முறை. பெயர் வேறாக இருந்தால், ஜி.எஸ்.டி. சான்றிதழ் அல்லது கடைப் பதிவுச் சான்றின் நகலோடு மெஷின் கொடுத்த வங்கிக்கு எழுதி, கடைப் பெயரையும் ஊரையும் திருத்தச் சொல்லுங்கள். அடையாளம் காட்டும் சொல் முதலில் வரும்படி சுருக்கமாகக் கேளுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவதாக, திருத்தம் வரும்வரை பில்லின் அடியில் ஒரு வரி அச்சிடுங்கள்: "தங்கள் வங்கிக் கணக்கில் இத்தொகை இன்ன பெயரில் காட்டப்படும்." கல்லாவுக்குப் பக்கத்திலும் அதையே எழுதி ஒட்டலாம். பில்லில் கடையின் தொலைபேசி எண் இருக்கட்டும். அந்த எண்ணை எடுத்துப் பேச ஓர் ஆளும் இருக்கட்டும்.

மூன்றாவதாக, கார்டு ஸ்லிப்புகளைத் தேதிவாரியாகக் கட்டி வையுங்கள். அதில் கார்டின் கடைசி நான்கு எண், மெஷினின் எண், அனுமதி எண், 12 இலக்கக் குறிப்பு எண் எல்லாம் இருக்கின்றன. வெப்பத்தாளில் அச்சான எழுத்து வெயிலிலும் சூட்டிலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். பெரிய தொகைக்கு உரியதை நகல் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

நான்காவதாக, "இந்தப் பணம் நீங்கள் எடுத்ததா?" என்று யாராவது கேட்டு வந்தால் முகம் சுளிக்காமல் உட்கார வையுங்கள். தேதி, பைசா சுத்தமாகத் தொகை, கார்டின் கடைசி நான்கு எண் அல்லது 12 இலக்கக் குறிப்பு எண், இவை போதும். முன்பின் மூன்று நாள் பில்களைப் புரட்டினால் கிடைத்துவிடும். அவர் வீட்டில் வேறு யாராவது அதே கார்டில் வாங்கினார்களா என்றும் பணிவாகக் கேட்கலாம். முழுக் கார்டு எண்ணையோ, பின்பக்க மூன்று இலக்கத்தையோ, ஓ.டி.பி.யையோ எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. நம் பில் இல்லையென்றால், "இது எங்களுடையது அல்ல, உடனே வங்கிக்குச் சொல்லுங்கள்" என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். அதுவும் ஓர் உதவியே.

ஐந்தாவதாக, வங்கியிலிருந்து வரும் கடிதத்தையும் மின்னஞ்சலையும் அன்றே பாருங்கள். விளக்கம் கேட்டால், பில் நகலும் கார்டு ஸ்லிப்பும் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். பதில் அனுப்பாதவர் தோற்றவராகவே கருதப்படுவார்.

கடைசியாக ஒன்று. நாமும் வாடிக்கையாளர்களே. நம் நடப்புக் கணக்கை வரிவரியாகப் படிக்கிறோமா? மெஷின் வாடகை, பணம் வந்ததைச் சொல்லும் ஒலிபெருக்கியின் வாடகை, எப்போதோ ஒப்புதல் கொடுத்து மறந்த தானியங்கிப் பிடித்தம் என்று புரியாத பெயர்களில் எத்தனை பற்று போகின்றன! அவற்றைப் பார்க்கும்போது நமக்கு வரும் ஆத்திரம்தான் நம் வாடிக்கையாளருக்கும் வருகிறது. மாதம் ஒருமுறை கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்கும் பழக்கம் நமக்கும் வேண்டும்.

கடை திறக்கும்போது முதலில் பெயர்ப்பலகையைத் துடைக்கும் வழக்கமுள்ளவர்கள் நாம். அந்தப் பலகையின் இன்னொரு பிரதி இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலும் தொங்குகிறது. அதையும் துடைத்து, சரியான பெயர் தெரியும்படி வைப்போம். சோதனை செய்து பார்த்த உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தைச் சங்க அலுவலகத்துக்கு எழுதினால், திருத்தம் செய்யத் தாமதிக்கும் வங்கிகளிடம் சங்கத்தின் சார்பில் சேர்ந்து பேசலாம்.